அவன் சொன்னதைச் சொல்லு

காது கேட்காதவர்கள் சங்கத்தில் ஒருவருக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பார்த்த மாத்திரத்தில் கண்ணில் எது படுகிறதோ அதுதான் பெயர். வயிறு தள்ளிய தச்சருக்கு வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு வளைவு, அவர் தொப்பை. சிரித்தால் கன்னம் குழிகிற அம்மாவுக்குக் கன்னத்தில் விரல் வைத்து ஒரு திருகு, குழி. அப்பா, அடர்ந்த புருவத்தால் புருவம். இவர்கள் இருவருக்கும் பிறந்த ஒரே மகளுக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் சின்ன வயதில் அவளுக்குச் சளி விட்டபாடில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக் காட்டினால் அது அவள் என்று ஆகிப்போனது. படித்து, தேர்வெழுதி, சைகை மொழிபெயர்ப்பாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிற இந்த வயதிலும், சங்கத்துக்குள் கால் வைத்தால் அவள் மூக்குதான்.

வெளியாட்கள் இந்தப் பெயர்களைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். "அப்படியா கூப்பிடுவாங்க? மனசு கஷ்டப்படாதா?" என்பார்கள். சங்கத்தில் யாரும் கஷ்டப்பட்டதாக மூக்குக்கு நினைவில்லை. தொப்பை இளைத்து வயிறு உள்ளே போன பிறகும் பெயர் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் நகரத்து நாடக அரங்கின் மேலாளர், மூக்கு வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டார். மேடையில் தனியாக நின்று ஒன்றரை மணி நேரம் சிரிக்க வைக்கிற ஒரு காமெடிக்காரரின் நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியை மட்டும் சைகையோடு நடத்தலாம் என்று யோசனை. அந்தக் காமெடிக்காரருக்கு ஊரில் பெயர் ஒன்றுதான்: யாரையும் விடமாட்டார். சாமியாரை விடமாட்டார், நோயாளியை விடமாட்டார், செத்தவரையும் விடமாட்டார். சுவரொட்டியிலேயே 'வருத்தப்படுகிறவர்கள் வீட்டிலேயே இருக்கவும்' என்று போட்டிருந்தது. அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததுமே சங்கத்தில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு வழுக்கல். சொட்டை.

செய்தி தெரிந்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க மெஷினில் குனிந்திருந்து முதுகு பிடித்துக்கொண்டவள், அன்று வீட்டுக்கும் போகாமல் நேராகச் சங்கத்துக்குப் போய் ஒரு வரிசை முழுக்க ஆள் சேர்த்துவிட்டாள்.

அவளுடைய ஆசையில் அர்த்தம் இருந்தது. கல்யாண வீடோ தொழிற்சாலைச் சாப்பாட்டு மேஜையோ, எங்கேயாவது நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மா பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டு 'என்ன?' என்பாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வாயை அகலமாகத் திறந்து, "அப்புறம் சொல்றேன்" என்பார். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அம்மா வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் இந்த இரண்டு வார்த்தையை இருட்டில்கூடக் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பாவை அம்மாதான் இழுத்தாள். கார்களுக்கு வண்ணம் அடிக்கிற பட்டறையில் வேலை செய்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை தூங்கவேண்டும் என்று சொல்லிப்பார்த்தார். நடக்கவில்லை.

மூக்கு தயார் செய்துகொள்வதற்காக அரங்கத்திலிருந்து முந்தைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார்கள். தான் தனியாகக் குடியிருந்த வீட்டுச் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பாதிக்கு மேல் போனபோது கத்தி நின்றுவிட்டது.

"எங்க வீட்டுக்குக் கீழ ஒரு செவிட்டு ஜோடி. தங்கமானவங்க. கல்யாணமாகி ஒரு மாசம். சாயங்காலமானா கதவைச் சாத்திருவாங்க, ஜன்னலைச் சாத்திருவாங்க, திரையை இழுத்து விட்டுருவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிடக் கூடாதாம்! மேல நான் கட்டில்ல படுத்திருக்கேன், ரயில்ல போற மாதிரி இருக்கு. எனக்கு மேல் மாடியில ரிட்டையர்டான பாட்டு வாத்தியார், தாளம் போடுறாரு. அதுக்கும் மேல இருக்கிறவரு டிக்கெட் எங்கன்னு தேடுறாரு. காலையில படியில பாத்தா ரெண்டு பேரும் அவ்வளவு அடக்கம்! தலையைக் குனிஞ்சுக்கிட்டு..."

இதற்கு அப்புறம் அவர் அந்த ஜோடியின் குரலில் 'குட் மார்னிங்' சொன்னார். மூக்கால், தொண்டையால், இழுத்து, உடைத்து. அரங்கம் அதிர்ந்தது.

மூக்கு ஒலிப்பதிவை நிறுத்தினாள். கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தைவிட முன்னால் வந்தது பயம்.

அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பள்ளி வேன் ஓட்டுநர் அவளைப் படியில் நிறுத்தி, "பாப்பா, உங்க அப்பாகிட்ட கட்டிலைச் சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லும்மா" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பத்து வயதுக்கு என்ன புரியுமோ அவ்வளவு புரிந்தது. வீட்டுக்குள் வந்து அப்பாவிடம், சுவரில் ஈரம் வருகிறதாம், கட்டிலைத் தள்ளிப் போட வேண்டுமாம் என்று கையால் சொல்லிவிட்டாள். அப்பா கட்டிலைத் தள்ளினார். அதோடு விடவில்லை. வண்ணக்காரர் அல்லவா? அடுத்த விடுமுறையில் அந்தச் சுவரைச் சுரண்டி, காயவைத்து, ஈரம் தாங்குகிற பூச்சு அடித்தார். அடுத்த வருடம் இன்னொரு முறை அடித்தார். இத்தனை வருடமாக ஈரம் எட்டிப்பார்க்கவில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

மூக்கு காமெடிக்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அந்தக் கீழ் வீட்டு ஜோக்கை அன்னிக்கும் சொல்லப்போறீங்களா?"

"சொல்லாம? முன் வரிசையில அவங்க வந்து உக்காந்திருக்காங்கன்னு நான் அதை மட்டும் விட்டுட்டா, அவங்கள நான் குழந்தையா நடத்துறேன்னு அர்த்தம். குண்டா இருக்கிறவங்க முன்னாடி குண்டு ஜோக் சொல்றேன். எங்க அப்பா சாவை வெச்சு எங்க அம்மா முன்னாடி ஜோக் சொல்லியிருக்கேன். இவங்க மட்டும் என்ன தனி?"

"அவங்களுக்கு வலிச்சா?"

"வலிச்சா சத்தம் போடட்டும். யார் வேணாம்னா?" என்றார். பிறகு தானே யோசித்து, "இல்ல, சத்தம்னு சொன்னது..." என்று இழுத்தார்.

மூக்கு விட்டுவிட்டாள். அவருடன் வாதாடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. அதோடு அவர் சொன்னதில் பாதி அவளுக்குச் சரியென்றும் பட்டது. எப்படியும் அவர் என்ன சொன்னாலும் அந்த வரிசைக்கு அவள் கை வழியாகத்தானே போகவேண்டும்? பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடையின் வலது ஓரத்தில் கறுப்பு உடையில் நின்றாள். அவளுக்கென்று தனியாக ஒரு விளக்கு. கீழேயிருந்து யாராவது கையால் ஏதாவது கேட்டால் குரலாக்கிச் சொல்வதற்குக் காலரில் குட்டி மைக். அவளுக்கு நேர் கீழே இரண்டாவது வரிசை முழுக்கச் சங்கத்து ஆட்கள். நடுவில் அம்மா, தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு உடுத்துகிற உடையில். அவள் ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் தொப்பை.

முதல் ஒரு மணி நேரம் ஜோராகப் போனது. சொட்டை தன் விவாகரத்தைச் சொன்னார், பல் டாக்டரைச் சொன்னார், தன் ஜிம் வாழ்க்கையைச் சொன்னார். மூக்கின் கை பறந்தது. வார்த்தை விளையாட்டு வந்த இடங்களில் அதற்கு ஈடாகக் கையில் ஒரு விளையாட்டைப் பிடித்தாள். மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்து இரண்டாவது வரிசை சிரித்தது. அம்மா சிரித்ததை மூக்கு மேடையிலிருந்து பார்த்தாள். கன்னத்தின் குழி அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

பிறகு சொட்டை தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, "எங்க வீட்டுக்குக் கீழ ஒரு செவிட்டு ஜோடி" என்றார்.

மூக்கு, கீழ் வீட்டில் ஒரு ஜோடி என்று சைகை செய்தாள். அவர்கள் பழைய வாஷிங் மிஷின் ஒன்று வாங்கியிருப்பதாகவும், அது ஓடினால் கட்டடமே ரயில் மாதிரி ஆடுவதாகவும் கையாலேயே கதை கட்டினாள். ரயில், தாளம், டிக்கெட் எல்லாவற்றையும் அதில் பொருத்திவிட்டாள். அவளுடைய கைத்தொழிலில் அது ஒரு சாமர்த்தியம்தான். இரண்டாவது வரிசை மரியாதைக்குப் புன்னகைத்தது.

அந்த நேரம் சொட்டை வாயைக் கோணி 'குட் மார்னிங்' சொன்னார். அரங்கம் வெடித்தது. வெடித்த கையோடு நூற்றுக்கணக்கான தலைகள் ஒரே சமயத்தில் இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பின, இவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க.

அம்மா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினாள்.

"என்னாச்சு? அம்மா ஏதோ கேக்குறாங்களே?" என்றார் சொட்டை.

அம்மாவின் கை மூக்கைப் பார்த்துப் பேசியது. கீழேயிருந்து கையில் வருவதைக் குரலாக்க வேண்டியது மூக்கின் வேலை. ஒரு தப்பு ஏற்கனவே செய்தாகிவிட்டது. இன்னொன்று செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை. மைக்கில் அப்படியே சொன்னாள்:

"'எல்லாரும் எங்களை ஏன் பாக்குறாங்க? வாஷிங் மிஷினுக்கு எதுக்கு அவன் வாய் கோணுது? சொட்டை என்ன சொன்னானோ அதைச் சொல்லு. நீ சொன்னது அது இல்ல.'"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி முன்னால் வந்தது.

"சொட்டையா?" என்றார் காமெடிக்காரர். கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

"அது... உங்க பேரு. அவங்க வெச்சது."

சிரிப்பு பெரிதானது. அவர் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. யாரையும் விடாத மனிதரின் முகம் அது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"சரி, சொட்டை இருக்கட்டும். நீங்க நான் சொன்னதை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன்."

"வாஷிங் மிஷின்னு?"

"ஆமா."

சிரிப்பு அடங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அந்த நேரத்தில் இரண்டாவது வரிசையை முதல் தடவையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகங்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் குரல் இறங்கிவிட்டது.

"அது ஒண்ணும் பெருசா இல்லம்மா. உக்காருங்க. அப்புறம் சொல்றேன்."

மூக்கு அதை ஒரு பிசிறும் இல்லாமல் அப்படியே சொன்னாள். அம்மாவின் முகம் ஏன் மாறியது என்று அவளுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். அம்மா உட்காரவில்லை.

"'இப்ப சொல்லு. நானும் டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்'னு சொல்றாங்க."

வேறு வழியில்லாமல் சொட்டை ஆரம்பத்திலிருந்து சொன்னார். இந்தத் தடவை நடையில்லை, ஆட்டமில்லை. ஆசிரியர் முன்னால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்று சொன்னார். மூக்கின் கை கட்டிலைக் கட்டிலாகவே காட்டியது. கடைசியில், "குட் மார்னிங் சொல்வாங்க" என்று தன் சொந்தக் குரலிலேயே முடித்துவிட்டார்.

"'அங்கதான் வாய் கோணிச்சு. அதையும் காட்டு'ன்னு கேக்குறாங்க."

அவர் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டுகிறார் என்று மூக்கு சைகையில் சொன்னாள்.

அந்த வரிசையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தொப்பை தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த இளம் ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தது. ஒரு பெண்மணி கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். அப்பா கண் கொட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவளுக்குச் சந்தேகம்.

"'கட்டில் சத்தம் நிஜமாவே மேல் வீட்டுக்குக் கேக்குமா?'"

"கேக்கும்மா. நல்லாவே கேக்கும்."

"'பக்கத்து வீட்டுக்கு?'"

"அங்கயும் கேக்கும்."

அம்மா இப்போது அவரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். கை மெதுவாக எழுந்தது.

'அப்ப நம்ம சுவர்ல ஈரம்?'

மூக்கு கட்டைவிரலால் காலர் மைக்கை அணைத்தாள். 'ஈரம் இல்லம்மா,' என்றாள் கையால்.

அம்மாவின் வாய் திறந்தது. பிறகு அவள் சிரித்தாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாதவளின் சிரிப்பு. கூரை வரைக்கும் போனது. எதற்கு என்று தெரியாமலே அரங்கமும் கூடச் சிரித்தது. அப்பா எழுந்து, வரிசையில் முட்டிகளைத் தாண்டித் தாண்டி, வெளியே போனார்.

நிகழ்ச்சி முடிந்து மூக்கு வெளியே ஓடியபோது அவர் அரங்கத்தின் வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஏற்கனவே அங்கே நின்றாள்.

'அந்த வேன் டிரைவர்,' என்றார் அப்பா. 'தினமும் காலையில என்னைப் பாத்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். நல்ல மனுஷன்னு நானும் பதிலுக்குக் காட்டினேன். இத்தனை வருஷம். எதுக்குக் காட்டினான்னு இப்பத்தானே தெரியுது! நான் அந்தச் சுவருக்கு ரெண்டு தடவை பூச்சு அடிச்சேன். ரெண்டு தடவை!'

'அப்பா, நான் சின்னப் பொண்ணு அப்ப. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.'

'அப்ப சின்னப் பொண்ணு. இன்னிக்கு?' என்று அம்மா நடுவில் புகுந்தாள்.

மூக்கு காலர் மைக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

கழுத்தில் துண்டோடு சொட்டை படியிறங்கி வந்தார். மேடையில் இருந்ததைவிடக் குள்ளமாகத் தெரிந்தார். "சார் கோவமா இருக்காரா? யாரையும் நோகடிக்கணும்னு நான் செய்றதில்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். மூக்கு சொன்னாள்.

அப்பா கேட்டது வேறு. அதை அவள் குரலில் சொன்னாள்: "'உன் கீழ் வீட்டுல நிஜமாவே அப்படி ஒரு ஜோடி இருக்கா?'"

"இருந்தாங்க. இப்ப காலி பண்ணிட்டாங்க."

"'நீ இதைச் சொல்றது அவங்களுக்குத் தெரியுமா?'"

சொட்டை துண்டின் முனையை முறுக்கினார். "தெரியாது."

"'என் மூஞ்சிக்கு நேரா சொன்னா நான் சிரிப்பேன், இல்ல சண்டை போடுவேன். என் முதுகுக்குப் பின்னாடி ஊரே சிரிச்சா நான் என்ன பண்றது?'"

"இன்னிக்கு மூஞ்சிக்கு நேராத்தான் சார் சொன்னேன்."

"'இவ கேட்டா, அதனால சொன்னே. என் படுக்கையறைக்குக் கதவு இருக்கு. அதுக்கு உள்ள வர்றதுக்கு உனக்கு உரிமை இல்ல.'"

'கதவு இருந்து என்ன? சுவரைக் காணோமே,' என்றாள் அம்மா.

மூக்கு அதையும் குரலாக்கினாள். சொட்டை தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்பா மனைவியைப் பார்த்த பார்வை, காமெடிக்காரரைப் பார்த்ததைவிட மோசமாக இருந்தது. பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார்.

'என் குரல் அப்படியா இருக்கு? அவன் வாயைக் கோணின மாதிரி?'

சொட்டை, என்ன கேட்கிறார் என்று கண்ணால் கேட்டார். மூக்கு அவருக்கு அதைச் சொன்னாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அப்பா பதிலுக்காக மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசி மெழுகலாம், அவளுக்கு அதில் வாழ்நாள் பழக்கம் இருந்தது.

'கொஞ்சம் அப்படித்தான்ப்பா. அவர் காட்டினது ஜாஸ்தி. ஆனா கொஞ்சம் அப்படித்தான்.'

அப்பா தலையசைத்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் நிர்வாகி மூக்கைக் கூப்பிட்டார். மேடையில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்னதாகவும், நடுவில் மைக்கை அணைத்ததாகவும் பார்வையாளர் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார் என்றார். யார் என்று கேட்டதற்கு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க அம்மாதான்" என்றார். சில மாதங்களுக்கு மேடை வேலை கிடையாது என்று முடிவானது.

மூக்கு நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

'என்மேல நீயே புகார் குடுத்தியா?'

'பொண்ணுகிட்ட வாசப்படியில சண்டை போட்டேன். மொழிபெயர்ப்பாளர்மேல ஆபீஸ்ல புகார் குடுத்தேன். ரெண்டும் வேற வேற. சாப்பிட்டியா?'

'உனக்கு வலிக்கும்னுதானேம்மா மாத்தினேன்.'

'வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்? அதுல உனக்கு என்ன வேலை? எனக்கு எது பிடிக்காதுன்னு நான் சொல்லணும். அதுக்கு முதல்ல அது என்னன்னு எனக்குத் தெரியணும்.' மடித்த துணியை ஓரமாக வைத்தாள். 'எத்தனை மாத்தின, சின்ன வயசுலேர்ந்து?'

மூக்கு யோசித்தாள். கடைக்காரர்கள், வீட்டுக்காரர், அத்தைமார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியை. 'கணக்கு இல்லம்மா,' என்றாள்.

'அத்தை என்ன சொன்னா?' என்று அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று மாலை முழுக்க அது ஓடியது. சிலதுக்கு அம்மா சிரித்தாள். அத்தை சொன்ன ஒன்றுக்கு எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து, 'ம், அடுத்தது,' என்றாள்.

அப்பாவின் வழி வேறாக இருந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பஞ்சு ஒட்டினார். கதவைச் சாத்தும்போது கையைக் கொடுத்து மெதுவாகச் சாத்தினார். வேன் ஓட்டுநரைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்புறம் மாறி நடந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் மூக்கு வந்திருக்கும்போது அடுத்த அறையிலிருந்து அவளைத் தொண்டையால் கூப்பிடுவார். இப்போது எழுந்து வந்து தோளைத் தொட்டார். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பாத்திரங்களை வேண்டுமென்றே போட்டு உருட்டினாள். அவருக்கும் கேட்காது, அவளுக்கும் கேட்காது. ஆனாலும் உருட்டினாள்.

சில வாரங்கள் கழித்துச் சொட்டை கூப்பிட்டார்.

"அந்தக் குரலை எடுத்துட்டேன். யாரும் எடுக்கச் சொல்லல. வாயைக் கோணப் போனா உங்க அப்பா படியில உக்காந்திருந்ததுதான் வருது, ஜோக் செத்துடுது. ஆனா கட்டில் ஜோக்கை எடுக்கமாட்டேன். அது நல்ல ஜோக்."

"உங்க இஷ்டம். அந்தக் கீழ் வீட்டு ஜோடி?"

"தேடிக்கிட்டிருக்கேன்," என்றார். அது உண்மையா என்று மூக்குக்குத் தெரியவில்லை. "இன்னொண்ணு. உங்க அம்மா சொன்னாங்களே, 'கதவு இருந்து என்ன, சுவரைக் காணோமே'ன்னு. அதை நான் சொல்லிக்கலாமா? அவங்க சொன்னதுன்னே சொல்றேன்."

மூக்கு அன்றைக்கே கேட்டாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'சொல்லிக்கட்டும், குழின்னு பேரையும் சொல்லட்டும்,' என்றாள். அப்பா தலையை ஆட்டினார், முடியாது என்று.

'நான் சொன்ன ஜோக்!' என்றாள் அம்மா.

'அந்தக் கட்டில்ல பாதி என்னோடது,' என்றார் அப்பா.

அம்மா ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள். மூக்கு சொட்டையைக் கூப்பிட்டு வேண்டாம் என்றாள். "அய்யோ, அருமையான வரி" என்று புலம்பிவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். இன்றுவரை அவர் அதை மேடையில் சொன்னதில்லை.

அடுத்த சைகைக் காட்சிக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். மூக்கு அம்மா பக்கத்தில் சும்மா பார்வையாளராக உட்கார்ந்தாள். வேலை இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. அப்பா வரவில்லை. எவ்வளவு சொல்லியும் மசியவில்லை.

வீடு திரும்பியபோது அவர் மேஜையில் மூன்று கோப்பை டீ வைத்துக் காத்திருந்தார்.

'என்ன சொன்னான்?'

'உங்களுக்குத்தான் அவரைப் பிடிக்காதே,' என்றாள் மூக்கு.

'பிடிக்காது. என்ன சொன்னான்?'

மூக்கு ஒன்று விடாமல் சொன்னாள். கட்டில் ஜோக்கையும் சொன்னாள், குரல் இல்லாமல் அது எப்படி முடிந்தது என்பதையும் சொன்னாள். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மேலே சொல் என்று விரலால் காட்டினார். புதிதாக ஒன்று, சொட்டையின் அப்பாவின் இறுதி ஊர்வலத்தைப் பற்றியது. பிணத்தை ஏற்றிப்போன வண்டி மேட்டில் நின்றுபோய்விட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இறங்கித் தள்ள, வண்டி கிளம்பி, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. வாழ்நாள் பூரா எங்களைத் தள்ளவிட்டு முன்னால் போன மனுஷன், கடைசியிலும் அதேதான் என்று முடித்திருந்தார். மூக்குக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெற்ற அப்பாவின் பிணத்தை வைத்து என்ன சிரிப்பு என்று அரங்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சைகையிலும் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள்.

அப்பா சிரித்தார். தொண்டையிலிருந்து, மூக்கிலிருந்து, இழுத்து, உடைத்து, பல வாரமாக அந்த வீட்டில் கேட்காத குரலில் சிரித்தார். டீ சிந்தியது.

'இதுக்கு எப்படிப்பா சிரிப்பு வருது? செத்தவரை வெச்சு!'

'செத்தது அவன் அப்பா. அவன் சொல்லலாம்.'

'அவர் அம்மா அங்க உக்காந்திருந்தா?'

அப்பா நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். 'உக்காந்திருந்தாங்களா?'

'தெரியல.'

'அந்தம்மா சிரிச்சாங்களான்னு அடுத்த தடவை கேட்டு வா,' என்றார். சிந்திய டீயைத் துடைக்கத் துணியை எடுத்தவருக்கு அந்த வண்டி மறுபடியும் ஞாபகம் வந்துவிட்டது. மகள் பார்க்காமல் இருக்கட்டும் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் சத்தம் நன்றாகவே கேட்டது.